மூன்று விளக்கிலும் ஒரே நிறம்

சாயத்தொழிலில் முப்பத்திரண்டு வருடம் கிடந்தவன் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவன் கல்லையா பார்ப்பான்? நிறத்தைத்தான் பார்ப்பான். பொன்னுச்சாமியும் அதைத்தான் செய்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய மகள் இந்துமதி, பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து, பஞ்சைப் பிரித்து, அவருடைய உள்ளங்கையில் அதை வைத்தாள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் சின்னச் சின்னத் தகடுகளாகப் பளபளத்தது. மறுபக்கம் வழவழவென்று, லேசாக வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நிறம், சாம்பல் தட்டிய ரோஸ்.

"நல்ல ஷேடு கண்ணு. டஸ்டி ரோஸ்" என்றார் பொன்னுச்சாமி, யோசிக்காமல்.

இந்துமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "எதக் காட்டினாலும் ஷேடு பேரச் சொல்லிப் போடுவீங்க. ரெண்டு வருசமா நான் தூக்கம் கெட்டுத் திரியறது இந்தக் கல்லுக்காகத்தானுங்கப்பா."

மகள் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். என்ன பாறை, என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் தெரியாது. பெண்பிள்ளைக்குக் கல் பொறுக்குகிற படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசியபோது, "எம்புள்ள கல்லும் பொறுக்கும், மலையும் பொறுக்கும். உங்களுக்கென்ன?" என்று எல்லார் வாயையும் அடைத்தவர் அவர்தான். அதற்கு மேல் அவர் அதில் மூக்கை நுழைத்ததில்லை.

இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லுக்கும் குடும்பம், வகையறா எல்லாம் உண்டுங்கப்பா. கார்பனேட் ஒரு வகையறா. பாஸ்பேட் இன்னொரு வகையறா. ரெண்டும் தனித்தனியா ஊர் பூராக் கிடக்கும். ஆனா ரெண்டும் கொண்டு கொடுத்து ஒரே கல்லுக்குள்ள குடும்பம் நடத்தறது இருக்குதே, அது ரொம்ப அபூர்வம். இது அப்படிப்பட்ட கல்லு."

"அதெப்படித் தெரியும்?"

"நகத்துல கீறிப் பாருங்க, கோடு விழும். அவ்வளவு மெத்து. ஆசிட் ஒரு சொட்டு விட்டா நுரைக்கும், அது கார்பனேட். கரைஞ்ச அந்தத் தண்ணியில மாலிப்டேட் ஊத்தினா மஞ்சளாத் திரியும், அது பாஸ்பேட். தீயில காட்டினா மஞ்சள் சுடர், அது சோடியம். இந்த மூணும் சேர்ந்தா நடுவுல ஒரு உலோகம் வந்து உக்காரோணும். எந்த உலோகம் உக்காருதோ அதை வெச்சுத்தான் கல்லுக்குப் பேரு. மெக்னீசியம் ஒண்ணு, இரும்பு ஒண்ணு, மாங்கனீசு ஒண்ணு, ஸ்ட்ரான்சியம் ஒண்ணு. அந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் நாலே பேருதான். ரஷ்யாவுல பனிமலையில கிடைச்சுது, அமெரிக்காவுல ஆழமாத் துளை போட்டு எடுத்த பாறையில கிடைச்சுது. இதுல உக்காந்திருக்கறது ஜிங்க். அஞ்சாவது ஆளு, உலகத்துக்கே புதுசு!"

பொன்னுச்சாமி சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஜிங்க் என்ற சொல் விழுந்ததும் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது.

சோடியம், கார்பனேட் என்றால் சோடா உப்பு. ஒவ்வொரு லாட்டிலும் சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக அவர் கொட்டுவது. பாஸ்பேட் என்றால், போர்த்தண்ணீரின் கடினம் போக அவர் கலக்குகிற மருந்து. ஜிங்க்? அவருடைய சாயப்பட்டறையில் சாயத்தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்கிற எவாப்பரேட்டரில் ஒரு குழாய் ஓட்டை விழுந்தபோது, சரியான குழாய் வரும்வரை என்று அவசரத்துக்கு ஒரு ஜி.ஐ. பைப்பை மாட்டினார். அதன் மேல்பூச்சே ஜிங்க்தான். எட்டு மாதத்தில் பூச்சு முழுவதும் அரித்துப்போய், உள்ளே பாறை மாதிரிப் படிந்து, குழாய் அடைத்துக்கொண்டது. மகள் சொன்னது கல்லின் கணக்காக அவர் காதில் விழவில்லை. தன் பட்டறையின் ரெசிப்பி கார்டை யாரோ சத்தமாகப் படித்ததுபோல் விழுந்தது.

"எங்க கிடைச்சுது கண்ணு?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"மூலனூர் போற ரோட்டுலீங்க. ஒத்தப் பனை நிக்குமே, அங்க உள்ள தள்ளி ஒரு பழைய பாறக்குழி."

ஒற்றைப் பனை. அவருக்கு அந்தப் பனையில் எத்தனை மட்டை என்றுகூடத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை அது. சாயத்தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். சுத்திகரித்து, வற்றடித்து, கடைசியில் மிஞ்சுகிற உப்பையும் படிவையும் பட்டறைக்குள்ளேயே கொட்டகை போட்டு, மழை படாமல் வைத்திருக்க வேண்டும். வைத்தார். கொட்டகை நிறைந்தது. இன்னொரு கொட்டகை போட்டார். அதுவும் நிறைந்தது. அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மூட்டைகள் கரைந்து வாசலுக்கு வரத்தொடங்கியபோது, மூலனூர்ச் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று அவர் கண்ணில் பட்டது. காலிச் சாக்குகளுக்கு அடியில் உப்பு மூட்டைகள் ஏறின. திருட்டுத்தனம் மாதிரியே இல்லை. பட்டப்பகலில், பத்து மணி வெயிலில், ஹாரன் அடித்துக்கொண்டு போன லாரி. ஏழெட்டு நடை. உப்புதானே, மழையில் கரைந்துவிடும், ஆளில்லாத குழி, யாருக்கு என்ன கெடுதல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் மூன்று வருடமாக நன்றாகத்தான் வேலை செய்தது.

"ரோஸ் நிறம் எங்கிருந்து வந்துதுங்கறது மட்டும்தான் பிடிபடலீங்கப்பா. ஜிங்க் நிறம் குடுக்காது. துளி மாங்கனீசு இருக்கும்னு எங்க சார் சொல்றாரு. அந்த ஒரு ஓட்டைய அடைச்சுட்டா முடிஞ்சுது" என்றாள் இந்துமதி. பிறகு பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "இப்ப நான் வந்ததே இதுக்குத்தானுங்க. புதுக் கல்லுக்குப் பேரு வெக்க உலகத்துக்கே சேர்த்து ஒரு குழு இருக்குது. நாளைக்கு அவங்களுக்கு அனுப்பறோம். கண்டுபிடிச்சவங்க தன் பேரையே வெச்சுக்கக்கூடாது. உயிரோட இருக்கற வேற ஒருத்தர் பேரு வெக்கறதுன்னா அவங்க சம்மதம் எழுத்துல வேணும். பொன்னுச்சாமியைட். எப்படிங்க?"

சமையலறையிலிருந்து நஞ்சம்மாள் குரல் கொடுத்தாள். "உங்கப்பன் பேரு கல்லுக்குத்தாண்டி பொருத்தம்! கலியாணமாகி இருவத்தெட்டு வருசமா நான் சொல்றதே அதுதான்."

தாயும் மகளும் சிரித்தார்கள். பேனாவை நீட்டியபடி மகள் நிற்கிறாள். கையெழுத்துப் போட்டால் என்ன? உலகத்தில் எவனாவது ஒருவன், என்றைக்காவது ஒருநாள், அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று தோண்டாமலா இருப்பான்? அன்றைக்குச் சாயக்கழிவைக் கனிமம் என்று சொன்னவள் என்று தன் மகளைச் சொல்வார்கள். உண்மையைச் சொல்லிவிட்டால்? இந்த வீட்டில் இனிமேல் இந்தச் சிரிப்புக் கேட்குமா?

"சித்தப் பொறு கண்ணு. ஒருக்கா நம்ம லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார்.

"போங்க போங்க. பையர் அப்ரூவல் வாங்கிட்டே வாங்க" என்று கேலி செய்து அனுப்பினாள் அவள்.

வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின் சத்தம் இல்லை. எவாப்பரேட்டர் பார்த்துக்கொள்கிற அழகுமலை மட்டும் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், குடும்பத்தோடு பட்டறை வீட்டிலேயே இருப்பவன். அவனைத் தாண்டி பொன்னுச்சாமி லேப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

லைட் பாக்ஸ் என்பது ஒரு பக்கம் திறந்த சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே மூன்று விதமான விளக்குகள் உண்டு. பகல் வெளிச்ச விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணிகள், கடை விளக்கில் வேறு வேறாகப் போய்விடும். வீட்டு மஞ்சள் விளக்கில் இன்னொரு கூத்து. மூன்று விளக்கிலும் இரண்டும் ஒன்றாக நின்றால் ஒரே சாயம் என்று அர்த்தம். அதில் பேச்சுக்கே இடமில்லை. எத்தனையோ சண்டைகளை இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர் தீர்த்து வைத்திருக்கிறார்.

ஷேடு பைலைப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தியது, டஸ்டி ரோஸ், குழந்தைகள் சட்டைக்கு வந்த ஆர்டர். கடை விளக்கில் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது என்று துணி வாங்கும் பையர் திருப்பியடித்த லாட். மானக்கேடு. அவ்வளவு துணியிலிருந்தும் சாயத்தை உரித்து மறுபடி சாயம் ஏற்றினார்கள். உரித்த சாயம் மொத்தமும் தண்ணீரோடு எவாப்பரேட்டருக்குப் போனது. அந்தத் தோற்றுப்போன துணியின் ஒரு துண்டு பைலில் இன்னும் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்துப் பெட்டிக்குள் கல்லின் பக்கத்தில் வைத்தார்.

பகல் விளக்கில் இரண்டும் ஒன்றாக நின்றன. கடை விளக்கைப் போட்டார். துணி ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, கல்லும் கூடவே சாய்ந்தது. மஞ்சள் விளக்கிலும் இரண்டும் அண்ணன் தம்பிபோல ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். தன் கண் பொய் சொல்லக்கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அழகுமலை உள்ளே வந்தான், பாதி முகத்தில் சோப்போடு. "என்ன மொதலாளி, ஞாயித்துக்கெழம..." என்றவன் பெட்டிக்குள் பார்த்தான். "அட, இது நம்ம பைப்புல தட்டி எடுத்ததுல்ல? இத எங்கன கண்டெடுத்தீக?"

"நல்லாத் தெரியுமா?"

"தெரியாமயா? அந்த ஜி.ஐ. பைப்ப அறுத்து, சுத்தியல வச்சு ரெண்டு நாளு தட்டுனவன் நானு. கையி வீங்கிப் போச்சுல்ல. பைப்பு இன்னமும் பழைய இரும்புல கெடக்கு. தட்டுனத அள்ளி மூட்டையில போட்டு, நீங்கதான முருங்கக்கா லாரியில ஏத்தச் சொன்னீக?"

"ஆமா" என்றார் பொன்னுச்சாமி. வேறென்ன சொல்ல முடியும்?

திரும்பி வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சொல்லவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம். கூச்சமாக இருக்கிறது என்று நழுவிவிடலாம். அவள் வேறு ஏதாவது பேர் வைத்துக்கொள்வாள். நாளைக்கே வெளியே வந்தாலும் தன் பேர் அதில் இருக்காது. கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது மனம் ஓரளவு லேசாகத்தான் இருந்தது. மனிதன் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளும் வக்காலத்துக்கு அளவே கிடையாது.

"எம்பேரு வேண்டாம் கண்ணு" என்றார் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க? கூச்சமா இருக்குது."

இந்துமதியின் முகம் வாடியது. பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு அப்பாவின் குணம் இப்படித்தான் என்று தேற்றிக்கொண்டவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

"சரிங்க. அப்ப மயிலாக்கா பேர வெச்சர்றேன். நியாயமாப் பாத்தா அவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

"அதாரு?"

"பாறக்குழிக்குப் பக்கத்துல ஆடு மேய்க்கறவங்க. மயிலாள்னு பேரு. மொதக் கல்ல அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. பாவமுங்கப்பா அவங்க. ஆடு உப்புக்கு எப்படி ஆலாப்பறக்கும்னு உங்களுக்குத் தெரியுமே? அந்தக் குழி ஓரத்துல வெள்ளையாப் பூத்துக் கிடக்கறத நக்கி நக்கி ஏழு ஆடு செத்துப்போச்சு. சினை ஆடு ரெண்டு அதுல. இருந்ததே ஒம்பதுதான். யாரோ சாயக்கழிவக் கொண்டாந்து கொட்டீட்டாங்கன்னு அவங்க மனுக் குடுத்திருந்தாங்க. விசாரிக்க வந்தவங்க, நீதான் இங்க ஆராய்ச்சி பண்ணறியே, நீ என்ன சொல்றேன்னு எங்கிட்டக் கேட்டாங்க."

பொன்னுச்சாமி உட்கார்ந்தார்.

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதைத்தானுங்க சொன்னேன். இது இங்கத்தப் பாறையில இயற்கையா இருக்கற உப்பு, யாரும் கொட்டினதில்ல, யாரையும் குத்தம் சொல்ல முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். மனுவ மூடிட்டாங்க. அவங்களுக்கும் ஒரு நகல் குடுத்தேன். படிக்கத் தெரியாது அவங்களுக்கு. நான் படிச்சுச் சொன்னதும், நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் கண்ணுன்னு சொல்லி, சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சுக்கிட்டாங்க." அவள் புன்னகைத்தாள். "அதனாலதான் அவங்க பேரு வெக்கோணும்னு தோணுதுங்க. மயிலாளைட். நல்லாத்தான இருக்குது?"

ஏழு ஆட்டைக் கொன்ற உப்புக்கு, அந்த ஆடுகளை வளர்த்தவளின் பேர். அதை எழுதப்போவது தன் மகள். எழுதவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தான். பொன்னுச்சாமி எழுந்து மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எந்திரி கண்ணு" என்றார். "பட்டறைக்குப் போலாம் வா."

"இப்பவாங்க? எதுக்கு?"

"வா, சொல்றேன்."

லேப் அறையில் லைட் பாக்ஸின் முன்னால் அவளை நிறுத்தினார். கல்லையும் துணித்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு விளக்கைப் போட்டார். அணைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார்.

சாயப்பட்டறைக்காரன் மகளுக்கு அந்தப் பெட்டியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் அதன்முன் நின்று விளையாடி வளர்ந்தவள். இரண்டாவது விளக்கிலேயே அவள் கை மெல்ல வாயைப் பொத்திக்கொண்டது. மூன்றாவதை அவர் போடப்போனபோது, "வேண்டாமுங்க" என்றாள்.

அவர் போட்டார். பாதியில் நிறுத்தினால் இன்னொரு முறை தனக்குத் தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு வெளியே போய், பழைய இரும்புக் குவியலிலிருந்து நீளவாக்கில் அறுத்த ஒரு குழாய்த் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அங்கங்கே ரோஸ் நிறப் படிவு இன்னும் ஒட்டியிருந்தது. கல்லை எடுத்து, அதன் வளைந்த முதுகை, குழாயில் படிவு பெயர்ந்திருந்த ஓர் இடத்தில் வைத்தார். கிண்ணத்துக்குள் மூடி உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

"பாறைப் பொந்துக்குள்ள வளைஞ்சு வளர்ந்ததுன்னு எழுதியிருக்கேன்" என்றாள் இந்துமதி, யாரிடமோ சொல்வதுபோல். "ஒரு பக்கம் பூரா எழுதியிருக்கேன், அந்த வளைவப் பத்தி."

பொன்னுச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, மழை, லாரி, சாக்கு. மென்று முழுங்காமல் சொன்னார். சட்டத்தைக் குறை சொல்லலாம் என்று நாக்கு ஓர் இடத்தில் துடித்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?"

"காலையில. நீ கையில வெச்சு, ஜிங்க்னு சொன்னியே, அப்ப."

"காலையிலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் கூச்சமா இருக்குதுன்னு சொன்னீங்க. நான் அனுப்பட்டும்னு விட்டிருப்பீங்க." அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மனுசன் செஞ்சது மினரல் ஆகாதுங்கப்பா. அதுதான் மொத விதி. மத்ததெல்லாம் சரியா இருந்தாலும், அது ஒண்ணு தப்புன்னா அத்தனையும் போச்சு. ரெண்டு வருசம்."

"எம்மேல கோவிச்சுக்க கண்ணு. திட்டு."

"அதுகூடப் போகட்டும். நான் இன்னொரு கல்லு தேடிக்குவேன்." இப்போது அவள் அழத்தொடங்கியிருந்தாள். "மயிலாக்கா கரெக்டாச் சொன்னாங்க. சாயக்கழிவுன்னு ஒரு எழுத்துப் படிக்காத அவங்க சொன்னாங்க. நான் படிச்சவ, இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். சாயப்பட்டறையில பொறந்து வளர்ந்த எனக்கு அந்த ரோஸ் கண்ணுல படலையே! நம்ம ஊட்டு நிறமாச்சே, தினமும் பாக்கறதுன்னு கண்ணு தாண்டிப் போயிருச்சுங்களே!"

அவர் அவள் தலையைத் தொடப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள். நியாயம்தான் என்று அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தச் சம்மதக் காகிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அதைத் திருப்பி, எழுதாத பின்பக்கம் மேலே வரும்படி லேப் மேசைமேல் வைத்தாள். பேனாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அவங்களுக்கு நான் குடுத்த கடுதாசியத் திருப்பி வாங்கோணும். அதுக்குப் பதிலா ஒண்ணு குடுக்கோணும். எழுதுங்க."

"நீ எழுது கண்ணு, நான் கையெழுத்துப் போடறேன். என்னோட எழுத்து..."

"இல்லீங்க. நீங்கதான் எழுதோணும். பேரும் உங்களுதுதான் வேணும்."

பட்டறைக்கு நாளை சீல் விழும் என்பது அவருக்குத் தெரியும். அழகுமலையும் மற்றவர்களும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். ஊரில் எவனும் வாய்க்கு வந்ததைப் பேசுவான். எல்லாம் தெரிந்துதான் எழுதினார். ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது.

மூலனூர் ரோட்டில் ஒற்றைப் பனையைத் தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது. மயிலாளின் வீடு ஓட்டு வில்லை வேய்ந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. பெரிய பட்டி, ஒன்பது ஆட்டுக்குப் போட்டது. இந்துமதியைப் பார்த்ததும் மயிலாள் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள். அறுபது வயதிருக்கும். கை உலர்ந்த முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது.

"வா கண்ணு! கூட ஆரு, அப்பாவுங்களா? வாங்க சாமி, உக்காருங்க. மோர் கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் பொன்னுச்சாமி. கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"மயிலாக்கா, நான் குடுத்தேனே ஒரு கடுதாசி, அதை எடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள் இந்துமதி.

மயிலாள் உள்ளே போய், நான்காக மடித்து, விபூதி படிந்த அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பத்திரமாத்தான் வெச்சிருக்கேன். ஏங் கண்ணு, எதாச்சும் தப்பா?"

"தப்புத்தானுங்க. நான் எழுதினது தப்பு" என்று சொல்லி இந்துமதி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து புதிய காகிதத்தை எடுத்து மயிலாளிடம் நீட்டினார்.

மயிலாள் அதை வாங்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி. நீங்களே படிங்க, கேட்டுக்கறேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கொடுத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று மனதின் ஒரு மூலையில் இன்னமும் நினைத்திருந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆடுகளின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், உதவிக்கு வருவதாக இல்லை.

பொன்னுச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தைப் பிரித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆட்டக் கொன்ன உப்பு, பாறையோடதில்லீங்க" என்று படித்தார். "அது என்னோடதுங்க."

மயிலாள் ஒரு கையை நீட்டி, பக்கத்தில் நின்ற ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல படிங்க" என்றாள்.